உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவருக்கு சட்டப்படி என்னென்ன உண்டு?

அவசரப் பிரிவில் டாக்டர் "என்ன ஆச்சு?" என்று கேட்டதும், "தெரியாம நடந்துடுச்சு சார்" என்று சொல்லிவிடும் குடும்பங்கள் நிறைய. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம்தான். உயிர் பிழைத்துவிடுகிறார், ஆனால் மனநல மருத்துவர் யாரும் பார்க்காமலேயே வீட்டுக்குப் போய்விடுகிறார். தயவுசெய்து அப்படி மறைக்காதீர்கள்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்கிறது. அவரைத் தண்டிக்கக் கூடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309ஆம் பிரிவே 2024 ஜூலை 1 முதல் கிடையாது. அரசு ஊழியரை மிரட்டிப் பணியவைக்கவோ கடமையைத் தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் மட்டும்தான், அதற்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் (பாரதிய நியாய சன்ஹிதா) குற்றம். மருத்துவமனையிலிருந்து போலீசுக்குத் தகவல் போகலாம், அதனாலேயே அவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார்.

அதே 115ஆம் பிரிவில் பலருக்குத் தெரியாத இன்னொரு வரி இருக்கிறது: அவர் மறுபடி முயலாமல் இருக்க சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. இதற்குக் கோடிக்கணக்கில் செலவாகும் என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து நாடுகளின் ஊர்களில் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், டிஸ்சார்ஜ் சமயத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள், அப்புறம் 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள், அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் அந்த 18 மாதங்களுக்குள் தற்கொலையால் இறந்தார்கள், இப்படிப் பேசி விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்தான். ஒன்பது முறை விசாரிக்க என்ன பெரிய செலவு? அதனால் டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போதே "மனநல டாக்டர் பார்த்தாரா, அடுத்து எப்போது வர வேண்டும், யார் கூப்பிடுவார்கள்" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பணம்? வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை இலவசம், அதற்கான அட்டை இல்லாவிட்டாலும். தனியார் காப்பீடு இருந்தால், உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. "மனநோய்க்கு கிளெய்ம் இல்லை" என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு முதலில் புகார், அங்கே தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

இப்போதே அந்த எண்ணத்தோடு போராடிக்கொண்டிருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். இது அரசின் டெலி மானஸ் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பக்கத்தில் ஒருவர் அப்படி இருந்தால் தனியாக விடாமல் கூட இருந்து நீங்களே போன் போட்டுக் கொடுங்கள்.