டாட்சன் 240இசட்: முன் ராடில் பாலி புஷ் போடும் முன்

டாட்சன் 240இசட் மாதிரி ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்கத்தைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பாலியூரித்தேன் (சுருக்கமாக பாலி, கெட்டியான பிளாஸ்டிக்) புஷ் செட்டைத்தான் முதலில் வாங்குகிறார்கள். இரும்புப் பாகங்கள் இணையும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் மெத்தைதான் புஷ். ஒரே பெட்டியில் எல்லாம் வந்துவிடும், எண்ணெய் பட்டாலும் ரப்பர் மாதிரி ஊறிப் போகாது, ஸ்டியரிங்கும் இறுக்கமாகும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டியில் இருக்கும் ஒரு ஜோடியில் மட்டும் இரண்டையும் அப்படியே மாட்டிவிடாதீர்கள் என்று பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். டென்ஷன் கம்ப்ரெஷன் ராடின் பின்முனையில் போடும் ஜோடி அது. சுருக்கமாக டி.சி. ராடு என்போம்.

1969-இல் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் அறிமுகமான இந்தக் காரில் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண். கீழே சக்கரத்தையும் பாடியையும் இணைக்கும் ஒற்றை லோயர் ஆர்ம். அதன் உள்முனையை கிராஸ்மெம்பரில் (காரின் குறுக்காகப் போகும் சட்டம்) பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட்டு. சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் அந்த ஒரு போல்ட்டால் தடுக்க முடியாது. அந்த வேலை டி.சி. ராடினுடையது. அதன் முன்முனையை ஆர்மில் இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கும். அங்கிருந்து பின்னோக்கிப் போகிற ராடு, பாடிக்கு அடியில் உள்ள பிராக்கெட்டின் ஓட்டைக்குள் நுழையும். பிராக்கெட்டுக்கு முன்னால் ஒரு புஷ், பின்னால் ஒரு புஷ், கிண்ண வாஷர்கள், கடைசியில் நட்டு.

பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஆர்மும் ஏறி இறங்கும். அதோடு சேர்ந்து ராடின் பின்முனை பிராக்கெட்டுக்குள் கொஞ்சம் சாய்ந்தாக வேண்டும். ரப்பர் நசுங்கி அதற்கு இடம் கொடுக்கும். இரண்டு பக்கமும் பாலியூரித்தேன் போட்டு நட்டை இறுக்கிவிட்டால் அந்த முனை அசையாது. அசைவு எங்காவது போயாக வேண்டுமே, அதனால் ராடே வளைகிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் கொஞ்சம் வளைந்து நிமிர்ந்து, மரை ஆரம்பிக்கிற மெலிந்த கழுத்தில் இரும்பு சோர்ந்து விரிசல் விடும். வளைகிற அளவு கண்ணுக்கே தெரியாது என்பதால் யாரும் இதைச் சந்தேகப்படுவதில்லை.

பாலி போட்டு ஓடிய ஒரு காரிலிருந்து கழற்றிய ராடு, வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெயின்ட்டை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, விரிசல் காட்டும் சிவப்பு டையைப் பூசித் துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பரை அடித்து விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, கழுத்தைச் சுற்றி முடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது. சுற்றளவில் பாதிக்கு மேல். அந்த நிலையில் ஒரு பலமான பிரேக் போதும். ராடு ஒடிந்தால் சக்கரம் பின்னால் போய் ஃபெண்டரில் இடிக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வேகமாகப் போகும்போது அப்படி நடந்தால் ஓட்டுபவர் கையில் ஒன்றும் இல்லை.

பிரேக் போடும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுகிறது, அதனால் பிராக்கெட்டுக்கு முன்னால் இருக்கிற புஷ்தான் நசுங்கும். கெட்டியான பாலி வேண்டும் என்றால் அதை அங்கே மட்டும் போடுங்கள். பின்பக்கம் ரப்பர் இருக்கட்டும். பிரேக்கில் உறுதி கிடைக்கும், ராடு சாயவும் இடம் இருக்கும். சாலையில் மட்டும் ஓட்டும் காருக்கு இரண்டு பக்கமும் புது ரப்பரே போதும் என்பது என் கருத்து. நீளம் மாற்றக்கூடிய, பால் முனை (உருண்டை மூட்டு) வைத்த ராடுகளும் விற்கின்றன. அவை தாராளமாகச் சாயும், ஆனால் சாலையின் சத்தம் முழுவதும் உள்ளே கேட்கும், தூசி புகுந்தால் பால் தேய்ந்து ஆட ஆரம்பிக்கும். இடம் வலம் நீளம் வேறுபட்டால் காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) வேறுபட்டு வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

சரி, மாற்றத்தான் வேண்டுமா? பிரேக் போடும்போதும் விடும்போதும் கீழே ‘டொக்’ என்று கேட்கிறதா, ஸ்டியரிங் அலைகிறதா என்று கவனியுங்கள். சமதளத்தில் ஒருவர் வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தி பிரேக் அடிக்க, இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று பிராக்கெட்டைப் பார்க்கலாம். ராடு ஓட்டைக்குள் போய் வந்தால் புஷ் முடிந்துவிட்டது. கூடவே பிராக்கெட் பற்றவைக்கப்பட்டிருக்கும் ஃபிரேம் ரெயிலை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். இந்தக் கார்களில் துரு பிடிக்கிற இடங்களில் அதுவும் ஒன்று. தகடு உள்ளே போனால் முதல் வேலை வெல்டிங், புஷ் அப்புறம்.

ஆர்மின் உள் புஷ்ஷையும் மாற்றுவதென்றால் ஆர்மின் வெளிமுனையில் இருக்கும் பால் ஜாயின்ட்டைப் பிடுங்க வேண்டியதில்லை. ஸ்ட்ரட்டின் அடியில் ஸ்டியரிங் ஆர்மைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் ஆர்ம் மொத்தமாக வந்துவிடும். பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறையும் கிழியாமல் தப்பிக்கும். பழைய புஷ்ஷை நெருப்பு வைத்து எரித்து எடுப்பவர்கள் உண்டு. அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. பிரஸ் இருந்தால் பிரஸ், இல்லாவிட்டால் ட்ரில் போட்டு ரப்பரை எடுத்துவிட்டு ஹேக்ஸாவால் புஷ்ஷின் இரும்பு உறையை அறுக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள். ஸ்டாண்ட் கட்டாயம்.

மாட்டும்போது எல்லோரும் அவசரப்படுகிற இடம் ஒன்று உண்டு. சக்கரம் தொங்கும்போதே உள் போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. தொங்குகிற நிலையில் இறுக்கினால் வண்டியை இறக்கியதுமே அது முழுதாக முறுக்கிக்கொண்டு, நிற்கிற நேரமெல்லாம் அப்படியே இருந்து சீக்கிரம் கிழியும். போல்ட்டை விரலால் மட்டும் திருகி வைத்து, வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி விட்டு, எடை சக்கரத்தில் இருக்கும்போது டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பேனர்) கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். லாக் நட்டுகளும் புதிதாகவே இருக்கட்டும்.

கடைசியாக அலைன்மென்ட். கம்பெனி அமைப்பில் முன்பக்கம் டோ (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் திருத்த முடியும். கேம்பரோ (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்) காஸ்டரோ இடம் வலம் நிறைய வேறுபட்டால் ஆர்மோ ராடோ வளைந்திருக்கலாம், பழைய விபத்தும் காரணமாக இருக்கலாம். அந்த அளவுச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு டி.சி. ராடு நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சில் பார்த்துவிடுங்கள்.