வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த பிறகு, இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நட்டத்தை மதிப்பிடும் சர்வேயராக நான் பார்த்த கார் கிளெய்ம்களில் பெரும்பாலான சண்டை ஒரே சொல்லைச் சுற்றித்தான்: 'கான்சிக்வென்ஷியல் லாஸ்'. கார் பாலிசியில் எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பட்டியலில் இது இருக்கும். வெள்ளம் நேரடியாகக் கெடுத்ததற்குப் பணம் உண்டு. அதன் பின்விளைவாக வந்த நட்டத்துக்குக் கிடையாது.

"வெள்ளத்துக்கும் சேர்த்துத்தானே சார் பாலிசி போட்டேன்?" என்பார்கள். சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்துப் போடும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி என்றால் சரிதான். (தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்குத் தன் வண்டிக்கென்று ஒரு பைசா வராது.) சீட், கார்பெட், வயரிங் நனைந்ததெல்லாம் வெள்ளத்தின் வேலை. சிக்கல், தண்ணீர் வடிந்ததும் 'ஓடுதா பார்ப்போம்' என்று ஸ்டார்ட் செய்வதில் இருக்கிறது.

ஏர் ஃபில்டர் வழியாகப் புகுந்த தண்ணீர் சிலிண்டருக்குள் நிற்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலேறும் பிஸ்டன் முட்டி நிற்க, அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைகிறது. சில வண்டிகளில் இன்ஜின் பிளாக்கே உடைகிறது. இது வெள்ளம் நேரடியாகச் செய்ததல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று கான்சிக்வென்ஷியல் லாஸில் சேர்த்துவிடுவார்கள். "நான் சாவியைத் தொடவே இல்லை" என்று பிறகு சொல்லிப் பயனில்லை. அசையாமல் நின்ற இன்ஜினில் ராடு வளையாது. இன்ஜினைப் பிரித்ததும் தெரிந்துவிடும்.

இதற்கென்று 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற ஆட்-ஆன் (பாலிசியோடு கூடுதலாக வாங்கும் பாதுகாப்பு) இருக்கிறது. சென்னையில் வெள்ளம் தேங்கும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் குடியிருந்தால் மற்ற ஆட்-ஆன்களை விட்டாலும் இதை விடாதீர்கள். புதுப்பிக்கும்போதே கேட்டு வாங்குங்கள், நிபந்தனைகளையும் படியுங்கள். வானிலை எச்சரிக்கை வந்த பிறகு ஏஜென்டைக் கூப்பிடுவது வீண்.

வண்டி மூழ்கிவிட்டால் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று தெரிய வீடியோ எடுங்கள். கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லி, டோ செய்தே ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்ற விடாதீர்கள்.

பழுதுச் செலவு ஐடிவியில் (பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்', அதாவது முழு நட்டம் என்பார்கள். ஐடிவி நீங்கள் வாங்கிய விலை அல்ல. நான்கு வயது தாண்டிய காருக்கு வழக்கமாக அதே மாடல் புது வண்டியின் விலையில் பாதிதான்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், சர்வே ரிப்போர்ட்டின் நகலும் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.