கடன் அரசுடையது, கணக்கு கம்பெனியுடையது: அமெரிக்கக் கல்விக் கடனும் சர்வீசர்களும்

என் மகள் கல்லூரியை முடித்த ஐந்தாவது மாதம் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கல்விக் கடன் தவணை தொடங்கப் போகிறது, எங்கள் தளத்தில் கணக்கைத் திறந்துகொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. அனுப்பிய கம்பெனியின் பெயரை நாங்கள் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. "இவங்ககிட்ட நான் கடனே வாங்கலையேப்பா" என்று சொல்லி அதை அழித்துவிட்டாள். மோசடி மெயில்தான் என்று நானும் தலையாட்டினேன். மூன்று மாதம் கழித்துக் காகிதத்திலேயே கடிதம் வந்தது: தவணை தவறிவிட்டது.

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கம்பெனியிடம் அவள் கடன் வாங்கவில்லைதான். கடன் கொடுத்தது அமெரிக்க ஃபெடரல் கல்வித் துறை. மெயில் அனுப்பியது அந்தக் கடனுக்குக் கணக்கு பார்க்கும் கம்பெனி, இங்கே சொல்வதுபோல் சர்வீசர். பண்ணையாரிடம் கடன் வாங்கியவன் மாதாமாதம் போய் நிற்பது கணக்குப்பிள்ளை முன்னால்தான் இல்லையா, அதே கதை. கணக்குப்பிள்ளை மாறலாம், பத்திரம் மாறாது. இந்த ஒன்று புரிந்தால், எதை யாரிடம் கேட்பது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

முன்பு இப்படி இல்லை. வங்கிகள் கடன் கொடுக்கும், அரசு உத்தரவாதம் நிற்கும். 2010 ஜூலை 1 முதல் அந்த ஏற்பாடு நின்று, புதிய ஃபெடரல் கல்விக் கடன் எல்லாவற்றையும் கல்வித் துறையே நேரடியாகக் கொடுக்கிறது. இன்று ஏறத்தாழ 4.3 கோடிப் பேர் மொத்தம் 1.6 லட்சம் கோடி டாலருக்கு மேல் பாக்கி வைத்திருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் பில் அனுப்பி, போன் எடுத்து, வரவு வைக்க அரசிடம் ஆள் கிடையாது. அதற்குத்தான் ஒப்பந்தக்காரர்கள்: நெல்நெட், மோஹேலா, எய்ட்வாண்டேஜ், எட்ஃபைனான்ஷியல், சென்ட்ரல் ரிசர்ச். எந்தக் கம்பெனி உங்களுக்கு என்பதை அரசு முடிவு செய்யும். உங்களைக் கேட்க மாட்டார்கள்.

யாருக்குக் கிடைக்கும்

நம் ஆட்கள் அதிகம் குழம்பும் இடம் இது. அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ மாணவர் இருந்தால் கிடைக்கும். அகதி, தஞ்சம் பெற்றவர் போன்ற வேறு சில பிரிவினருக்கும் உண்டு. எஃப்-1 விசாவில் மேல்படிப்புக்கு வந்தவருக்கு இல்லை. சின்ன வயதில், வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் வந்து இங்கேயே பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைக்கும் இல்லை. இது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது, ஆனால் சட்டம் அப்படி. மாறாக, பிள்ளை இங்கே பிறந்து, அப்பா அம்மா இன்னும் எச்-1பி வேலை விசாவில் இருந்தால் தாராளமாகக் கிடைக்கும். பெற்றோரின் விசா பிள்ளையின் தகுதியைத் தொடாது. அம்மாவுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும் கல்வித் துறையின் ஸ்டூடன்ட்எய்ட் டாட் கவ் தளத்தில் அவர் கணக்குத் திறந்து விண்ணப்பத்தில் கையெழுத்திடலாம். "நமக்கெல்லாம் தர மாட்டான்" என்று விண்ணப்பமே போடாத குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

அந்த விண்ணப்பத்தின் பெயர் ஃபாஃப்ஸா. அடுத்த கல்வியாண்டுக்கானது வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசின் தளம் இல்லை.

எவ்வளவு, என்ன வட்டி

பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளங்கலை மாணவருக்கு முதல் ஆண்டு 5,500 டாலர், இரண்டாம் ஆண்டு 6,500, அதன் பிறகு ஆண்டுக்கு 7,500 வரை. மொத்தத்தில் 31,000-ஐத் தாண்டக் கூடாது. முதல் ஆண்டின் 5,500-இல் அதிகபட்சம் 3,500 வரை சப்சிடைஸ்டு வகையாக இருக்கலாம், அதுவும் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான். இந்த வகைக்குப் படிக்கும் காலத்தில் வட்டியை அரசே ஏற்றுக்கொள்ளும். மீதி அன்சப்சிடைஸ்டு. அதற்குப் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

வட்டி விகிதம் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் பத்தாண்டு அரசுப் பத்திர ஏலத்தை வைத்து முடிவாகும். அந்த ஆண்டு வாங்கிய கடனுக்கு அதே விகிதம் கடைசிவரை நிற்கும். 2025-26-இல் இளங்கலைக் கடனுக்கு 6.39 சதவீதம். 2,000 டாலர் அன்சப்சிடைஸ்டு கடன் என்றால் நாளுக்கு 35 சென்ட். ஒரு காபிக்குக்கூட வராத காசுதான், ஆனால் நான்கு வருடம் தொடாமல் விட்டால் 500 டாலரைத் தாண்டிவிடும். இது போக, கொடுக்கும்போதே 1.057 சதவீதத்தைக் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். 5,500 என்று கையெழுத்துப் போட்டால் கல்லூரிக்குப் போய்ச் சேருவது சுமார் 5,442.

பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் வேறு ரகம். 2025-26-இல் அதன் வட்டி 8.94 சதவீதம், கட்டணம் 4.228 சதவீதம். அது பெற்றோரின் கடன். பிள்ளை வேலைக்குப் போனதும் அவன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கல்வித் துறையிடம் கேட்க முடியாது. வீட்டுக்குள் "நான் கட்டிடறேன்பா" என்று பேசிக்கொள்வது வீட்டோடு சரி.

சர்வீசர் என்னதான் செய்கிறது

பில் அனுப்புவது, பணத்தை வரவு வைப்பது, தவணைத் திட்டத்தை மாற்றித் தருவது, கட்ட முடியாதபோது தள்ளிவைப்பது. வட்டியைக் கூட்டவோ குறைக்கவோ, கடனைத் தள்ளுபடி செய்யவோ அதற்கு அதிகாரம் இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து தவணை தானாகப் போகும் ஆட்டோபே போட்டால் கால் சதவீத வட்டி குறையும், அதுவும் அரசு கொடுக்கும் சலுகைதான்.

சர்வீசர் தளத்தில் முதன்முறை உள்ளே போனவர்களுக்கு ஓர் அதிர்ச்சி இருக்கும். ஒரு கடன் என்று நினைத்திருப்போம், அங்கே எட்டு வரிசை நிற்கும். ஆண்டுக்கு இரண்டு வகை, நான்கு ஆண்டுக்கு எட்டு. எண் போட்டோ எழுத்துப் போட்டோ பிரித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டி. போனஸ் வந்ததென்று 1,000 டாலரைக் கூடுதலாகக் கட்டினால் அது முதலில் சேர்ந்திருக்கும் வட்டிக்குப் போகும், பிறகு எட்டுக்கும் பங்காகச் சிதறலாம். அதோடு அடுத்த சில மாதங்களுக்கு பில் பூஜ்யம் என்று காட்டும். சந்தோஷப்பட்டு நிறுத்திவிடாதீர்கள், வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. கூடுதல் பணத்தை வட்டி அதிகமான கடனுக்கு வை, அடுத்த தவணைத் தேதியைத் தள்ளாதே என்று எழுத்தில் சொல்லலாம். முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் இல்லை.

இந்தக் கம்பெனிகளுக்கு வருமானம் உங்கள் வட்டியிலிருந்து வருவதில்லை. ஒரு கணக்குக்கு மாதம் இவ்வளவு என்று அரசு கொடுக்கும் சில டாலர்தான். ஒரு கணக்குக்குச் செலவிடும் நேரம் குறையக் குறைய லாபம். அதனால் வந்த வினைதான் ஃபோர்பேரன்ஸ் விவகாரம். கட்ட முடியவில்லை என்று போன் செய்தால் இரண்டு வழி உண்டு. ஒன்று, வருமானத்துக்கு ஏற்ற தவணை. அதற்குப் படிவம், வருமானச் சான்று, விளக்கம் என்று நேரம் பிடிக்கும். இன்னொன்று ஃபோர்பேரன்ஸ், அதாவது சில மாதம் கட்டவே வேண்டாம், வட்டி மட்டும் ஏறும். ஐந்து நிமிடத்தில் போனை வைத்துவிடலாம். நேவியண்ட் என்ற சர்வீசர் கடனாளிகளை இந்த இரண்டாவது வழியிலேயே தள்ளிவிட்டது என்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2017-இல் வழக்குப் போட்டது. 2010 முதல் 2015 வரை அடுத்தடுத்த ஃபோர்பேரன்ஸால் கூடிய வட்டி 400 கோடி டாலர்வரை இருக்கும் என்பது அதன் கணக்கு. 2024-இல் 12 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. ஃபெடரல் கடன் கணக்கு பார்க்கவும் நேவியண்டுக்குத் தடை வந்தது. அந்தக் கம்பெனி 2021 முடிவிலேயே அந்தத் தொழிலை விட்டு, கணக்குகளை எய்ட்வாண்டேஜிடம் கொடுத்திருந்தது என்பது வேறு விஷயம்.

கணக்குப்பிள்ளையால் பண்ணையாரின் கையே கட்டப்பட்ட கதையும் உண்டு. பைடன் அரசு 2022-இல் ஆளுக்கு 10,000 டாலர், வசதி குறைந்த மாணவர்களுக்கு அரசு தரும் பெல் உதவித்தொகை வாங்கியவர்களுக்கு 20,000 டாலர்வரை தள்ளுபடி என்று அறிவித்தது. ஆறு மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. வழக்குப் போட உங்களுக்கு என்ன நஷ்டம் என்ற கேள்விக்கு மிசோரியின் பதில் மோஹேலா. அது மிசோரி மாநிலம் உருவாக்கிய நிறுவனம். கணக்குகள் மூடப்பட்டால் அதற்கு ஆண்டுக்குச் சுமார் 4.4 கோடி டாலர் கட்டணம் போய்விடும், அது மாநிலத்துக்கே நஷ்டம் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023 ஜூன் 30 அன்று ஆறுக்கு மூன்று என்ற தீர்ப்பில் தள்ளுபடி போய்விட்டது. அதே மோஹேலா அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் 25 லட்சம் பேருக்கு நேரத்தில் பில் அனுப்பவில்லை. கல்வித் துறை அதற்குக் கொடுக்க வேண்டியதில் 72 லட்சம் டாலரை நிறுத்திவைத்தது.

சர்வீசர் மாறும்போது

மாறும். அடிக்கடி மாறும். மாறினாலும் வட்டியோ பாக்கியோ மாறாது. ஆனால் கணக்கு எண் புதிது, தளம் புதிது, பழைய ஆட்டோபே கூடவே வரும் என்று நம்ப முடியாது. மாற்றம் பற்றித் தகவல் வந்தவுடன் பழைய தளத்தில் இருக்கும் தவணை வரலாற்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கதவு மூடிவிடும். அரசு வேலையிலோ லாப நோக்கற்ற நிறுவனத்திலோ இருந்துகொண்டு 120 தவணை கட்டினால் மீதி தள்ளுபடி, அதற்குப் பொதுச் சேவைத் தள்ளுபடி என்று பெயர். அதற்காகத் தவணைகளை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இது உயிர்நாடி. லாப நோக்கற்ற மருத்துவமனையில் ரெசிடென்சி செய்யும் டாக்டர் பிள்ளைகளுக்கு அந்த வருடங்களும் இந்தக் கணக்கில் சேரும், பலர் விட்டுவிடுகிறார்கள்.

வந்த மெயில் நிஜமா என்று தெரிய நல்ல வழி, அதில் உள்ள இணைப்பைத் தொடாமல் நேராக ஸ்டூடன்ட்எய்ட் டாட் கவ் போய் உள்நுழைவது. உங்கள் சர்வீசர் யார் என்று முகப்பிலேயே இருக்கும். நாங்கள் கடிதம் வந்த அன்று செய்ததும் அதுதான். மகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழித்த மெயிலில் இருந்த பெயரேதான் அங்கே இருந்தது. இணையம் வேண்டாம் என்றால் 1-800-433-3243 என்ற அரசு எண்ணைக் கூப்பிடலாம்.

2026 ஜூலை 1 முதல்

2025 ஜூலையில் வந்த சட்டம் இந்தத் தேதிக்குப் பிறகு வாங்கும் கடன்களின் விதிகளை நிறைய மாற்றுகிறது. முதுகலை மாணவர்களுக்கான கிராட் பிளஸ் புதியவர்களுக்கு இல்லை. முதுகலைக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1,00,000 டாலர். மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000. பேரன்ட் பிளஸ் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000. ஏற்கனவே கடன் வாங்கிப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சிறிது கால விலக்கு உண்டு.

தவணைத் திட்டம் இரண்டுதான் இருக்கும். ஒன்று நிலையான தவணை. 25,000 டாலருக்குக் கீழே என்றால் பத்து வருடம், அதற்கு மேல் 50,000 வரை பதினைந்து, இப்படி இருபத்தைந்து வருடம்வரை நீளும். 27,000 டாலரை 6.39 சதவீதத்தில் பத்து வருடம் கட்டினால் மாதம் சுமார் 305. பதினைந்து வருடம் என்றால் சுமார் 234. லேசாகத் தெரியும், ஆனால் முடிவில் ஐயாயிரத்துக்கு மேல் கூடுதலாகப் போயிருக்கும்.

மற்றது ராப் (RAP) என்ற வருமானத் திட்டம். வருமானம் ஏற ஏற அதில் 1 முதல் 10 சதவீதம்வரை கட்ட வேண்டும், குறைந்தது மாதம் 10 டாலர், முப்பது வருடத்தில் மீதி தள்ளுபடி. ஆண்டுக்கு 36,000 சம்பாதிப்பவருக்கு 3 சதவீதம், மாதம் 90. அதே 27,000 கடனுக்கு மாத வட்டியோ சுமார் 144 வரும். நேரத்துக்குக் கட்டினால் மீதி வட்டியை அரசு விட்டுவிடும், அசலிலும் 50 டாலர் குறையும். கடன் ஏறிக்கொண்டே போகாது என்ற அளவில் இது நல்ல ஏற்பாடு. முப்பது வருடம் என்பதுதான் உறுத்துகிறது. பேரன்ட் பிளஸுக்கு இது பொருந்தாது.

கட்டாமல் விட்டால்

படிப்பு முடிந்து ஆறு மாதம் அவகாசம். அதன் பிறகு தவணை தவறி 90 நாள் ஆனால் கிரெடிட் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். 270 நாள் ஆனால் டிஃபால்ட். கடன் முழுவதையும் ஒரேயடியாகக் கேட்கலாம், வரி ரீஃபண்டைப் பிடிக்கலாம், கோர்ட்டுக்குப் போகாமலே சம்பளத்தில் 15 சதவீதம்வரை பிடிக்கலாம். கால வரம்பும் கிடையாது. வேலை போய்விட்டது என்றால் ஒளிந்துகொள்ளாமல் சர்வீசரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டதும் "வருமானத் திட்டம் வேண்டும்" என்று நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள். பேசிய தேதி, எடுத்தவர் பெயர் இரண்டையும் குறித்து வையுங்கள். முடிந்தால் தளத்தின் செய்திப் பெட்டியில் எழுதுங்கள். போனில் சொன்னதைப் பிறகு யாரும் சொன்னதாக ஒப்புக்கொள்வதில்லை.

சர்வீசர் கேட்கவில்லை என்றால் ஸ்டூடன்ட்எய்ட் தளத்திலேயே புகார்ப் பக்கம் இருக்கிறது. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பிலும் உங்கள் மாநில அட்டர்னி ஜெனரலிடமும் எழுதலாம். இதற்கெல்லாம் காசு கிடையாது. "கடனைத் தள்ளுபடி செய்து தருகிறோம், முன்பணம் 600 டாலர், உங்கள் தளத்தின் கடவுச்சொல்லைக் கொடுங்கள்" என்று போன் வந்தால் பேசாமல் வைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில், 90 நாளுக்குள் பாக்கியைக் கட்டிவிட்டதால் கிரெடிட் ஸ்கோர் தப்பியது. ஆட்டோபே போட்டாயிற்று. போன மாதம் அவளுக்கு இன்னொரு மெயில் வந்திருக்கிறது, இன்னொரு கம்பெனியிடமிருந்து. இந்த முறை அழிக்கவில்லை.