மழை நனைத்தால் கறுக்கும் பம்பர்

எங்கள் வீட்டுக் காருக்கு இருபது வயது கடந்துவிட்டது. திருகோணமலையை அடுத்த உப்புவெளியில், வீட்டு முற்றத்து மதிலோடு ஒட்டித்தான் எப்போதும் நிற்கும். மதில் பக்கத்துக் கதவின் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டி இன்றும் கறுப்பாகவே இருக்கிறது. மறுபக்கத்துப் பட்டியோ சாம்பல் பூத்துவிட்டது. தடவினால் விரலில் மாவு போல ஒட்டுகிறது. உப்புக் காற்று அரித்துவிட்டது என்பார் அப்பா. திருகோணமலையில் எது பழுதானாலும் பழி உப்பின் மேல்தான் விழும். இரும்பு துருப்பிடித்தால் அந்தப் பழி நியாயமானது. ஆனால் உப்புக் காற்று மதிலைச் சுற்றியும் வரும். வெயில் அப்படி வராது. பட்டியை நரைக்க வைத்தது வெயில்.

பம்பர்களும் கதவுப் பட்டிகளும் பெரும்பாலும் ரப்பர் கலந்த பாலிபுரொப்பிலீனால் ஆனவை. கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலிகள்தாம் அந்தப் பிளாஸ்டிக். அச்சில் வார்க்கும்போதே அதில் நுண்ணிய வேதிக் குறைகள் சில தங்கிவிடுகின்றன. 290 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் அந்தக் குறைகளில் பட்டதும் பிணைப்பு அறுகிறது. அறுந்த முனை காற்றிலுள்ள ஒட்சிசனைப் பற்றி, பக்கத்துச் சங்கிலியையும் தாக்குகிறது. அங்கே புதிய முனைகள் பிறக்கின்றன. ஒரு கதிர் தொடக்கிவைத்த வேலை பல அறுப்புகளில் போய் முடிகிறது.

நம் ஊர் வட அகலாங்கு எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டி ஒரு முறை, ஆவணியில் ஒரு முறை என நண்பகல் சூரியன் சரியாக நம் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்டவை கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் வறண்ட மாதங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் வெயிலைக் குடித்துக் கொதிக்க, அறுப்பும் வேகமெடுக்கிறது. தொழிற்சாலையில் கலந்துவிடும் அமீன் வகைக் காப்புப் பொருள்கள் அறுந்த முனைகளைப் பிடித்து அடக்கும்; ஆண்டுகள் செல்லச் செல்ல அவையும் தீர்ந்துபோகும்.

அப்படியானால் கறுப்பு எங்கே போனது? எங்கும் போகவில்லை. நிறம் தருவது புகைக்கரித் தூள்; அது வெயிலுக்கு வெளுக்காது. புற ஊதாக் கதிரை அதுவே விழுங்கிக்கொள்வதால் சிதைவு மேல்தோலோடு நின்றுவிடுகிறது. அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் நிறைந்திருக்கின்றன. கல்லுப்பை நினைத்துப் பாருங்கள். முழுக்கல் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், இடித்தால் வெள்ளைத் தூளாகிவிடும். பொருள் ஒன்றுதான், துகள்களுக்கும் இடையிலுள்ள காற்றுக்கும் நடுவே ஒளி மீண்டும் மீண்டும் சிதறுவதால் வெள்ளை தெரிகிறது. ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளையும் என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். பிளாஸ்டிக்கினுடையது ஏறத்தாழ 1.49, தண்ணீருடையது 1.33, காற்றினுடையது 1. அடுத்தடுத்த பொருள்களுக்கிடையே இந்த எண் எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவுக்குச் சிதறலும் கூடும். வெடிப்புக்குள் தண்ணீர் புகுந்தால் வேறுபாடு 1.33க்கும் 1.49க்கும் உள்ளதாகச் சுருங்குகிறது, சிதறலும் குறைகிறது. மழையில் நனைந்த பழைய பம்பர் புதிது போலக் கறுப்பதும், காய்ந்ததும் மறுபடி நரைப்பதும் இதனால்தான்.

கடையில் வாங்கும் பளபளப்புத் திரவங்களில் பல இதையே செய்கின்றன. சிலிக்கோன் எண்ணெய் வெடிப்பை நிரப்புகிறது, ஆனால் பிளாஸ்டிக்கோடு பிணைவதில்லை. மாரி மழையும் சோப்பும் கழுவிவிடும். தேங்காய் எண்ணெயும் கறுக்க வைக்கும். அது உலராததால் வீதித் தூசி முழுவதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆளிவிதை எண்ணெய் வேறு வகை. ஒட்சிசனை உள்வாங்கி இறுகிப் படலமாகிவிடும். பிளாஸ்டிக்கைச் சிதைத்த அதே ஒட்சிசன்தான் இங்கே கட்டிப்போடுகிறது. இறுகும்போது சூடு பிறக்கும் என்பதால், அதில் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்து உலர்த்துங்கள்.

சிலர் சூட்டுக்காற்றுக் கருவியைப் பிடிக்கிறார்கள். பாலிபுரொப்பிலீன் 160 பாகை செல்சியஸுக்குச் சற்று மேலே உருகும். மேல்தோல் இளகி வெடிப்புகள் மூடிக்கொள்ள, கறுப்பு திரும்புகிறது. பார்க்க அதிசயம் போலவே இருக்கும். ஆனால் அறுந்த சங்கிலிகள் ஒட்டுவதில்லை, தீர்ந்த காப்புப் பொருளும் திரும்புவதில்லை. மேற்பரப்பின் சொரசொரப்பும் அழியும், அருகிலுள்ள பெயின்டும் பொங்கும்.

2020 இல் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 இல்தான் மீண்டும் திறந்தது. அதுவரை பழையதைப் பேணத்தான் வேண்டியிருந்தது. நான் தேர்ந்தது சிலிக்கா வகைப் பூச்சு. அது காய்ந்து இறுகி வலையாகப் பின்னிக்கொள்வதால் மழைக்கு எளிதில் போகாது. ஆனால் அடியில் எண்ணெயோ பழைய மெழுகோ இருந்தால் பிடிக்காது. சோப்பு நீரும் தூரிகையும் கொண்டு மாவுத்தோலைத் தேய்த்தெடுத்தேன், ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்தேன், முழுதாக உலரவிட்டு நிழலில் பூசினேன். முழு வேலையில் முக்கால் பங்கு அந்தத் தேய்ப்புத்தான். அப்பா கேட்டதற்காக, பின் பம்பரில் ஒரு சாண் அகலத்தைப் பூசாமல் விட்டிருக்கிறேன். ஐப்பசி மழையில் முழுப் பம்பரும் ஒரே கறுப்பாக இருந்தது. வெயில் ஏற, அந்த ஒரு சாண் மட்டும் மெல்ல மெல்லச் சாம்பலானது.