பரிணாமம் போதும், ‘வளர்ச்சி’ எதற்கு?

சென்ற வாரம் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் ‘மனிதனின் பரிமாண வளர்ச்சி’ என்று ஒருவர் நான்கு முறை சொன்னார். நெறியாளர் திருத்தவில்லை. திரையின் அடியில் ஓடிய எழுத்திலும் அதுவே வந்தது. பரிமாணம் என்றால் அளவு. முப்பரிமாணப் படம் என்கிறோமே, அது. உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறி வருவதைச் சொல்லும் சொல் பரிணாமம். ணகரமும் மகரமும் இடம் மாறினால் பொருளே போய்விடும். இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டினால் எவரும் திருத்திக்கொள்வார். என்னை நெடுநாளாக உறுத்துவது அடுத்து நிற்கும் சொல். பிழை என்று யாருமே நினைக்காத அந்த ‘வளர்ச்சி’.

முதலில் சொற்பிறப்பு. பரிணாமம் வடசொல், உருமாறுதல், வேறொன்றாக ஆதல் என்று பொருள். பால் தயிராவதைக் காட்டிச் சாங்கியத் தத்துவத்தினர் இதை விளக்கினார்கள். ஆங்கிலத்தின் ‘எவல்யூஷன்’ இலத்தீனிலிருந்து வந்தது; சுருட்டி வைத்த ஏட்டை விரிப்பது அதன் பழம்பொருள். 18-ஆம் நூற்றாண்டில், கருவுக்குள் முழு உயிரும் சிறிதாக மடிந்திருந்து பிறகு விரிகிறது என்று நம்பியவர்கள் இச்சொல்லை எடுத்தாண்டார்கள். அதனால்தானோ என்னவோ, 1859-இல் டார்வின் ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற தம் நூலை வெளியிட்டபோது இந்தப் பெயர்ச்சொல்லைத் தொடவே இல்லை. ‘மாற்றத்தோடு கூடிய வழிவருகை’ என்ற பொருளில்தான் எழுதினார். இதன் வினைவடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக வருகிறது. 1872-இல் வந்த ஆறாம் பதிப்பில்தான் பெயர்ச்சொல் உள்ளே நுழைகிறது. அதற்குள் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் அதை ஊரெங்கும் பரப்பிவிட்டிருந்தார். அவருக்கு அண்டம், உயிர், சமூகம் எல்லாமே எளியதிலிருந்து சிக்கலானதை நோக்கிய முன்னேற்றம். நம் ‘வளர்ச்சி’யில் தெரிவது ஸ்பென்சரின் நிழல்தான் என்பது என் முடிவு.

வளர்ச்சி என்றால் தமிழ்க் காதில் என்ன விழுகிறது? பிள்ளை வளர்கிறது, பயிர் வளர்கிறது, நாடு வளர்கிறது. ஒன்றே பெரிதாகிறது, மேலே போகிறது, நன்றாகிறது. பரிணாமத்தில் இந்த மூன்றுக்கும் இடமில்லை. எந்தத் தனி உயிரும் அங்கே மாறுவதில்லை. ஒரு கூட்டத்தில் எந்த மரபுக்கூறு மிகுகிறது, எது குறைகிறது என்பதுதான் தலைமுறைதோறும் மாறுகிறது. அந்த மாற்றத்துக்கு மேல், கீழ் என்ற திசையும் இல்லை.

போன மழைக்காலத்தில் மொட்டைமாடியில் கறிவேப்பிலைச் செடியைத் தொட்டி மாற்றியபோது, வேர்மண்ணோடு ஒரு புழுப்பாம்பு விழுந்தது. முதலில் மண்புழு என்றே நினைத்தேன். உடம்பில் வளையங்கள் இல்லை, பளபளவென்று நுண்ணிய செதில்கள். குனிந்து பார்த்தால் இம்மியளவு நாக்கை நீட்டி நீட்டி இழுக்கிறது. கண் இருக்கவேண்டிய இடத்தில், செதிலுக்கு அடியில், இரண்டு கரும்புள்ளிகள். வெளிச்சம், இருட்டு தெரிந்தால் அதற்குப் போதும். அதன் முன்னோர்க்கு இதைவிட நல்ல கண் இருந்தது. மண்ணுக்குள் எறும்பு முட்டையும் கறையான் முட்டையும் தின்று வாழும் உயிருக்குப் பெரிய கண்ணால் என்ன பயன்? நம் குடலுக்குள் கிடக்கும் நாடாப்புழு இன்னும் ஒரு படி போய் உணவுப் பாதையையே இழந்துவிட்டது. தோலாலேயே உணவை உறிஞ்சுகிறது. இவையெல்லாம் அசல் பரிணாமம். இதில் எதை வளர்ச்சி என்பது?

‘குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்றைய குரங்கு ஏன் மனிதனாகவில்லை?’ இந்தக் கேள்வியை ஏழாம் வகுப்புப் பிள்ளையும் கேட்கிறது, படித்த பெரியவரும் கேட்கிறார். அறியாமை என்று அவர்களைக் கடிந்து பயனில்லை. வளர்ச்சி என்று நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்? வளர்வது என்றால் எல்லாம் வளரத்தானே வேண்டும்? குனிந்த குரங்கு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து நடக்கும் அந்த வரிசைப் படமும் சேர்ந்துகொள்கிறது. உண்மையில் நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை ஏறக்குறைய 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அங்கிருந்து கிளைகள் பிரிந்தன. சிம்பன்சி நமக்குத் தாத்தா ஆகாது, பங்காளி.

2018-இல் மத்திய இணையமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொன்னதில்லை, எனவே டார்வின் சொன்னது தவறு என்றார். அறிவியலாளர்கள் பலர் கண்டித்தார்கள். 2023-இல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பரிணாமப் பகுதியை நீக்கி, மரபுவழியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இவ்வளவு நடக்கையில், நாம் ‘டார்வின் கொள்கை’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். கொள்கை என்பது ஒருவர் மனம் ஒப்பி ஏற்றுக்கொள்வது. கட்சிக்குக் கொள்கை உண்டு, சமயத்துக்குக் கொள்கை உண்டு. ‘அது அவர் கொள்கை, இது என் கொள்கை’ என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சான்றுகளால் நிற்பதைக் கோட்பாடு என்று சொல்லுங்கள். கடவுளை நம்புகிறவரும் சான்றுகளைப் பார்த்துப் பரிணாமத்தை ஏற்கலாம், ஏற்கவும் செய்கிறார்கள். கொள்கை என்ற சொல் அந்த வாசலை அடைக்கிறது.

தனித்தமிழ் அன்பர்கள் தரும் மாற்று படிவளர்ச்சி, படிமலர்ச்சி. அவர்கள் நோக்கத்தை மதிக்கிறேன். சொற்களை ஏற்க முடியவில்லை. வடசொல்லை நீக்கிவிட்டுப் பிழையான பாதியை வைத்துக்கொள்வது என்ன திருத்தம்? போதாக்குறைக்குப் ‘படி’ வேறு வந்து சேர்கிறது. படி என்றால் ஏணி. கீழ்ப்படியில் புழு, மேற்படியில் மனிதன் என்ற பழைய ஏணியைத்தான் டார்வின் தூக்கிப் போட்டார். 1837-இல் தம் குறிப்பேட்டில் அவர் வரைந்தது கிளைவிட்ட மரம். 1859 நூலில் உள்ள ஒரே படமும் கிளை பிரியும் கோடுகள்தான். மலர்ச்சி இன்னும் மோசம். மொட்டுக்குள் இருந்த பூவே மலர்கிறது; அது 18-ஆம் நூற்றாண்டுக் கருக்கதைக்குப் பொருந்தும், டார்வினுக்குப் பொருந்தாது.

ஈழத்துப் பாடநூல்களில் கூர்ப்பு என்கிறார்கள். ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்பது தொல்காப்பியம். அந்த நூற்பாவின்படி பார்த்தால் உள்ளது மிகுதல் என்ற சாயல் இதிலும் உண்டு. ஆனாலும் அங்குள்ள மாணவர் கூர்ப்பு என்று ஒரே சொல்லில் நிறுத்துகிறார். ‘கூர்ப்படைந்தது’ என்று வினையாகவும் வருகிறது. ‘வளர்ச்சி’ என்ற வால் ஒட்டாததால் கலைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. எனக்குப் பிடித்த சொல். தமிழ்நாட்டில் வேரூன்றியது பரிணாமம் என்பதால் இங்கே அதையே வைத்துக்கொள்வோம், தனியாக.

தமிழில் நல்ல மொழிபெயர்ப்பு வராமல் இல்லை. ஸ்பென்சர் உருவாக்கிய ‘சர்வைவல் ஆஃப் த ஃபிட்டெஸ்ட்’ என்ற தொடருக்குத் ‘தக்கன பிழைத்தல்’ என்று யார் முதலில் எழுதினாரோ, அவரைக் கும்பிடவேண்டும். சூழலுக்குத் தக்கது பிழைக்கிறது, ஆங்கிலத்தைவிடத் தெளிவு. அது கையில் இருக்க, ‘வல்லவன் வாழ்வான்’ என்று போடுகிறார்கள். புழுப்பாம்பு எந்த வகையில் வல்லவன்? மொழிபெயர்ப்பவர் பொருளைப் பார்க்காமல் ஓசையைப் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

அண்மையில் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு சிறுவர் நூலில் இந்த வரி இருந்தது: ‘நிலத்தில் வாழ்ந்த நாலுகால் விலங்குகள் பரிணாம வளர்ச்சி அடைந்து, பின்னங்கால்களை இழந்து, திமிங்கிலங்கள் ஆயின.’ வளர்ச்சி அடைந்து காலை இழந்ததாம்! நடுவில் மூன்று சொற்களை அடித்தேன். ‘நிலத்தில் வாழ்ந்த நாலுகால் விலங்குகள் பின்னங்கால்களை இழந்து திமிங்கிலங்களாகப் பரிணமித்தன.’