டம்ப்ளிங்: விண்வெளியில் அடிக்கும் கரணம்

டம்ப்ளிங் என்ற சொல்லும் நம் வீட்டு டம்ளரும் ஒரே வேரில் பிறந்தவை. பழைய ஆங்கிலத்தில் 'டும்பியன்' என்றால் துள்ளி ஆடுதல். அந்த வழியில் வந்த சொல்தான், கூத்தில் தலைகீழாகப் பாய்ந்து வித்தை காட்டுகிறவருக்கு டம்ப்ளர் என்ற பெயரைக் கொடுத்தது. அந்தக் காலத்துக் குவளைகள் சிலவற்றுக்கு அடிப்பாகம் உருண்டையாகவோ கூராகவோ இருக்கும். கீழே வைத்தால் சாய்ந்துவிடும், உள்ளே இருப்பதைக் குடித்து முடித்த பிறகுதான் கையை எடுக்க முடியும். அதனால் குவளைக்கும் அதே பெயர் வந்தது. பிற்பாடு அடி தட்டையாகிவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. காபிக்கு நாம் வாங்கிக்கொண்டது அந்தத் தட்டை அடி டம்ளரை.

வானத்தைப் பார்க்கிறவர்கள் பேச்சில் டம்ப்ளிங் வேறு இடத்தில் வரும். பொழுது சாய்ந்து ஒன்றிரண்டு மணி நேரம் வரை, தரை இருட்டாகிவிட்டாலும் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அப்போது ஒரு புள்ளி நகரும். விமானத்துக்கு இருக்கிற சிவப்பு, பச்சை விளக்கு அதற்குக் கிடையாது. பளிச்சென்று தெரியும், மங்கிப்போகும், கொஞ்சம் தள்ளி மறுபடி பளிச்சிடும். பெரும்பாலும் அது வேலை முடிந்த ராக்கெட்டின் மேலடுக்கு, அல்லது செத்துப்போன செயற்கைக்கோள். பிடித்து நிறுத்த ஆளில்லாமல் தலைகீழாகப் புரண்டுகொண்டே பூமியைச் சுற்றுகிறது. இந்தப் புரளலைத்தான் டம்ப்ளிங் என்கிறார்கள்.

தமிழில் இதற்கு 'சுழல்கிறது', 'உருள்கிறது', 'தள்ளாடுகிறது' என்று வாய்க்கு வந்ததை எழுதுகிறோம். மூன்றும் வேறுவேறு அசைவு. பம்பரம் சுழலும், பீப்பாய் உருளும், தள்ளாடுகிறவர் எப்படியோ நின்றுகொண்டுதான் இருப்பார். நீளமான பொருள் ஒன்று முனை மாற்றி முனை புரள்வதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: கரணம். கில்லி ஆடும்போது கிட்டிப்புள்ளைத் தட்டி எழுப்பி அடித்தால் காற்றில் எப்படிப் போகுமோ, அதுதான் கரணம்.

இது வெறும் சொல் விருப்பம் இல்லை, பின்னால் இயற்பியல் இருக்கிறது. அமெரிக்கா 1958-இல் அனுப்பிய எக்ஸ்புளோரர் 1 பென்சில் வடிவச் செயற்கைக்கோள். தன் நீள அச்சில் சுழன்றபடி நிலையாகப் போக வேண்டும் என்பது திட்டம். ஏவிய சில மணி நேரத்திலேயே அது முனை மாற்றிப் புரள ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த வளையும் ஆன்டெனாக்கள் ஆடி ஆடி, சுழற்சியின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாகக் கரைத்ததுதான் காரணம். இப்படி ஆற்றல் கசிகிற எந்த நீளமான பொருளும், உருளுவதை விட்டுக் கரணத்துக்குத்தான் வந்து சேரும். ஆக, உருளலும் கரணமும் ஒன்றல்ல. முதலாவது இரண்டாவதாக மாறுகிறது என்று சொல்லவே இரண்டு தனிச் சொற்கள் வேண்டும்.

சரி, கரணம் தமிழ்ச் சொல்தானா என்று கேட்பார்கள். வடமொழியிலிருந்து வந்தது. நாட்டியத்தில் கை, கால், உடல் சேர்ந்து செய்கிற அசைவுக்குக் கரணம் என்று பெயர். மொத்தம் 108. சிதம்பரம் கோயில் கோபுரங்களில் அவற்றைச் சிற்பமாகப் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தளத்தில் 81 வரை செதுக்கி, மீதிக் கற்களை அப்படியே விட்டுவிட்டார்கள். அங்கே டும்பியன் ஆட்டத்திலிருந்து புரளலுக்குப் போனது போலவே, இங்கே கரணமும் ஆட்டத்திலிருந்து குட்டிக்கரணத்துக்கு வந்திருக்கிறது. கயிற்றின் மேல் வித்தை காட்டியவர்களால் 'கரணம் தப்பினால் மரணம்' என்று பழமொழியிலும் ஏறிவிட்டது. இவ்வளவு புழங்கிய சொல்லை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு சிக்கல், பஞ்சாங்கத்தின் ஐந்தாவது அங்கத்துக்கும் கரணம் என்றுதான் பெயர், பாதித் திதி. வானம் பற்றிய எழுத்தில் இரண்டும் மோதும். அதனால் தனியாகக் 'கரணம்' என்று எழுதாமல் 'கரணமடித்தல்', 'கரணச் சுழற்சி' என்று எழுதினால் குழப்பம் வராது.

கூடவே வரும் சொற்களையும் பார்த்துவிடலாம். ராக்கெட் பாடி என்பதை 'ராக்கெட் உடல்' என்று பெயர்த்தால், எங்கோ சடலம் கிடைத்த செய்தி போல இருக்கிறது. எரிபொருள் தீர்ந்த வெறும் உலோக ஓடு அது, 'ராக்கெட் கூடு' போதும். ஃபிளாஷ் என்பதற்குப் பேச்சில் 'வெட்டு' அழகான சொல், மின்னல் வெட்டுகிறது என்கிறோமே. ஆனால் மின்வெட்டு என்றதும் நம் ஆட்கள் மெழுகுவர்த்தி தேடப் போய்விடுவார்கள். 'பளிச்சிடல்' இருக்கட்டும். ஃபிளேர் என்பது வேறு. அது கட்டுப்பாட்டில் ஒழுங்காக இருக்கிற செயற்கைக்கோளின் பளபளப்பான பரப்பு ஒரே ஒரு முறை சூரியனை நம் பக்கம் திருப்பிவிடுவது. 1997 முதல் ஏவப்பட்ட பழைய இரிடியம் செயற்கைக்கோள்கள் இதற்குப் பேர்போனவை. கதவு அளவு ஆன்டெனாக்களால் சில நொடி வெள்ளிக் கோளைவிடப் பல மடங்கு பிரகாசமாகத் தெரியும். 2017 முதல் புதியவை வந்தபின் பழையவற்றைப் பெரும்பாலும் இறக்கிவிட்டார்கள். ஒருமுறை வருவதை 'ஒளிவீச்சு' என்றும், கரணத்தால் திரும்பத் திரும்ப வருவதைப் 'பளிச்சிடல்' என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

இந்தக் காட்சி விண்வெளி யுகத்தின் முதல் வாரங்களிலேயே ஆரம்பித்துவிட்டது. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக்கைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் பார்த்தது ஸ்புட்னிக்கை இல்லை. அது 58 செ.மீ. உருண்டை, வெறுங்கண்ணுக்கு எட்டுவதே கஷ்டம். பின்னாலேயே சுற்றிய, ஏறக்குறைய 26 மீட்டர் நீள ராக்கெட் கூட்டைத்தான் பார்த்தார்கள். அது கரணமடித்ததால் ஒளி கூடிக் குறைந்தது. அமெரிக்காவில் வானியலாளர் ஃபிரெட் விப்பிள் 1956-இல் தொடங்கிய 'மூன்வாட்ச்' திட்டத்தில், தன்னார்வலர்கள் சின்னத் தொலைநோக்கிகளோடு உட்கார்ந்து இவற்றைக் குறித்தார்கள். அப்புறம் பெல்ஜியத்து ஆர்வலர்கள் பளிச்சிடல் நேரங்களை மட்டும் பல்லாயிரக்கணக்கில் திரட்டி ஒரு தரவுத்தொகுப்பே ஆக்கினார்கள்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு பைனாகுலர், ஒரு ஸ்டாப்வாட்ச். முதல் பளிச்சில் பொத்தானை அழுத்தும்போது 'ஒன்று' என்று எண்ணக் கூடாது, 'பூஜ்யம்' என்று எண்ண வேண்டும். 'பத்து' என்று எண்ணும் பளிச்சில் நிறுத்தினால் பத்து இடைவெளி கிடைக்கும். 84 நொடி என்றால் ஓர் இடைவெளி 8.4 நொடி. ஆனால் உருளை வடிவக் கூடு ஒரு முழுக் கரணத்துக்குள் தன் பக்கவாட்டை இரண்டு முறை நமக்குக் காட்டும். ஆகவே பளிச்சிடல் இடைவெளி 8.4, கரணக் காலம் 16.8. இந்த இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவைத்தால் பத்து வருடம் கழித்து ஒப்பிடுகிறவர் பாடு திண்டாட்டம். ஒன்றுவிட்டு ஒரு பளிச்சு மங்கலாக இருந்தால், கூட்டின் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்று ஊகிக்கலாம். அதையும் குறித்துவைப்பது நல்லது. கூடு வானத்தைக் கடக்கும்போது நாம் பார்க்கும் கோணமும் மாறுவதால் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகும்.

கரணக் காலம் நிலையாகவும் இருக்காது. அலுமினியக் கூடு பூமியின் காந்தப்புலத்துக்குள் புரளும்போது அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி வேகத்தைக் குறைக்கும். அதனால் தாழ்வான சுற்றுப்பாதைகளில் மாதக்கணக்கில் இடைவெளி நீண்டுகொண்டே போகும். மிச்சமிருந்த எரிபொருள் எங்காவது கசிந்தால் திடீரென்று வேகம் ஏறும். ஐரோப்பாவின் 8 டன் என்விசாட் செயற்கைக்கோள் 2012 ஏப்ரலில் பேச்சை நிறுத்தியது. அடுத்த ஆண்டு லேசரால் அளந்தபோது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 134 நொடி எடுத்தது. இதை என்றாவது பிடித்து இறக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். கரணமடிக்கிற 8 டன்னை இயந்திரக் கையால் பிடிப்பது லேசான காரியமா?

ஒன்றுக்கு மட்டும் கரணம் பொருந்தாது. சில கூடுகளில் பளிச்சுக்குத் தாளமே இருக்காது. நான்கு நொடி, பதினொன்று, அப்புறம் இரண்டு என்று வரும். ஒரே அச்சில் நிலைகொள்ளாமல், தன் மேலேயும் உருண்டு முனை மாற்றியும் திரும்புகிற நிலை அது. ஆங்கிலத்தில் இதையும் டம்ப்ளிங் என்றே சொல்லிவிடுகிறார்கள். நாம் இதற்குப் 'புரளல்' என்ற சொல்லை ஒதுக்கி, தாளம் பிடிபட்டால் கரணம், பிடிபடாவிட்டால் புரளல் என்று குறிப்பேட்டில் எழுதலாம்.