ஸ்விங்: துள்ளலா, தூங்கலா, அசைவா?

‘ஸ்விங்’ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது புதுப்பந்துதான். காற்றில் வளைந்து வந்து மட்டையின் விளிம்பைத் தொட்டுவிட்டுப் போகுமே, அது. ஜாஸ் இசையில் இதே சொல் வரும்போது தமிழில் என்ன எழுதுவது என்று ஒரு தடுமாற்றம் வருகிறது. ‘துள்ளலிசை’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞரும் குழுத் தலைவருமான கவுண்ட் பேஸியின் இசையைக் கொஞ்சம் கேட்டவர்களுக்கு அந்தச் சொல் உறுத்தும்.

முதலில் வேர். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்விங்கன்’ என்றால் அடிப்பது, சாட்டையால் விளாசுவது. இப்படியும் அப்படியும் ஆடுவது என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பதிவாகிறது. ஊஞ்சலெல்லாம் அதற்குப் பிறகு. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களிடம் இது பெரும்பாலும் வினைச்சொல்லாகப் புழங்கியது. ஒரு குழு நன்றாக வாசித்தால் அது ‘ஸ்விங் செய்கிறது’. இசைத்தட்டுத் தலைப்புகளிலும் சொல் ஏறியது: ஜெல்லி ரோல் மார்ட்டன் 1928இல் ‘ஜார்ஜியா ஸ்விங்’ பதிவு செய்தார். 1932இல் டியூக் எலிங்டன், ஸ்விங் இல்லாவிட்டால் எதற்கும் பொருளில்லை என்று பாட்டுக்கே பெயர் வைத்தார்.

வினை பெயராகி விலைச்சீட்டும் ஆனது 1935க்குப் பிறகு. அந்த ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் பலோமார் நடன அரங்கில் பென்னி குட்மேன் குழுவுக்கு இளைஞர்கள் ஆர்ப்பரித்தார்கள். ஸ்விங் யுகம் அங்கேதான் தொடங்கியது என்று பலர் கணக்கு வைப்பார்கள். குட்மேன் வாசித்த இசையமைப்புகளில் பல, ஃபிளெட்சர் ஹெண்டர்சன் என்ற கறுப்பினக் கலைஞர் எழுதிக் கொடுத்தவை. ‘ஸ்விங் மன்னர்’ பட்டம் குட்மேனுக்குப் போனது. சரி, உலக வழக்கம்.

அதே நாளில் பேஸிக்கு வயது 31. வில்லியம் பேஸி 1904 ஆகஸ்ட் 21 அன்று நியூ ஜெர்சியின் ரெட் பேங்கில் பிறந்தவர். நியூயார்க் ஹார்லெமில் பியானோ பழகினார். ஃபேட்ஸ் வாலரிடம் ஆர்கன் கற்றார். ஊர் ஊராகப் போன ஒரு நாடகக் குழுவோடு சென்றவர், அது கலைந்துபோனதால் 1927இல் கேன்ஸஸ் சிட்டியில் மாட்டிக்கொண்டார். அந்த மாட்டல்தான் அவரை உருவாக்கியது. பென்னி மோட்டனின் குழுவில் சேர்ந்தார். 1935இல் மோட்டன் இறந்ததும் ரீனோ கிளப்பில் தனக்கென ஒரு குழு கட்டினார். பல உருப்படிகளுக்குத் தாளில் எழுதிய இசைக்குறிப்பே கிடையாது. ஒருவர் ஒரு சிறு தொடரை வாசிக்க, மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்ள, அப்படியே வளரும். அந்தக் கிளப்பிலிருந்து வானொலியில் போன ஒலிபரப்பை, 1936இல் சிகாகோவில் காருக்குள் உட்கார்ந்திருந்த இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் கேட்டார். அதன் பிறகுதான் நியூயார்க் வாசல் திறந்தது. ஆனால் ஹேமண்ட் உதவுவதற்கு முன்பே டெக்கா நிறுவனத்தோடு பேஸி கையெழுத்துப் போட்டிருந்தார்: 24 பாடல்களுக்கு 750 டாலர், உரிமைத்தொகை எதுவும் இல்லை. 1937இல் பதிவாகி அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்ட ‘ஒன் ஓ கிளாக் ஜம்ப்’ இந்த ஒப்பந்தத்தில் வந்ததுதான்.

ஸ்விங் என்றால் என்ன என்று கேட்பவருக்கு இந்தக் குழுவின் நால்வரைக் காட்டினால் போதும். வால்டர் பேஜின் பாஸ் நான்கு அடிகளையும் சமமாக நடந்துகொண்டே போகும். ஜோ ஜோன்ஸ், தாளம் காக்கும் வேலையைக் கால் டிரம்மின் இடியிலிருந்து எடுத்து, இரண்டு தட்டுகள் மோதும் ‘ஹை-ஹாட்’டின் சீறலுக்குக் கொடுத்தார். ஃபிரெடி கிரீன் ஒலிபெருக்கி இல்லாத கிடாரை மென்மையாக வருடிக்கொண்டிருப்பார். 1937இல் சேர்ந்தவர், 1987இல் சாகும்வரை குழுவிலேயே இருந்தார். தனி ஆவர்த்தனம் அபூர்வம். இவர்கள் தாளத்தைச் சுமந்ததால் பேஸியின் இடது கைக்கு வேலை குறைந்தது. ஹார்லெமில் கற்ற வேகமான வாசிப்பை விட்டுவிட்டு இரண்டு சுரம், ஒரு மௌனம், மறுபடி ஒரு சுரம் என்று வாசித்தார்.

உள்ளே நடப்பதை நம் தாள மொழியில் சொல்லலாம். ஓர் அடியை ‘தகிட’ என மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டையும் சேர்த்து நீட்டி, மூன்றாவதைச் சுருக்கமாகத் தட்டுங்கள்: தா–ட, தா–ட. தாளில் இரண்டும் சமமாக எழுதப்பட்டிருக்கும். வாசிப்பில் ஒன்று நெடில், ஒன்று குறில். ஆனால் திஸ்ரம், அதாவது மூன்றின் நடை, என்று முடித்துவிடவும் முடியாது. வேகம் கூடக் கூட இரண்டும் சமத்தை நெருங்கும். எவ்வளவு என்பது வாசிப்பவரின் உடம்புக்குத் தெரியும்.

இனி தமிழ்ச் சொல். ‘துள்ளல்’ யாப்பில் கலிப்பாவின் ஓசை. இன்றைய வழக்கில் வேகம், ஆட்டம். ஸ்விங்குக்கு வேகம் தேவையில்லை. 1957இல் பதிவான நீல் ஹெஃப்டியின் ‘லில் டார்லின்’ நத்தை வேகத்தில் போகும். ஹெஃப்டி நினைத்தது இதைவிட வேகமாக, குறைத்தவர் பேஸி. அது துள்ளவே இல்லை, ஆனால் ஸ்விங் இருக்கிறது. ‘ஊஞ்சலிசை’ என்றால் கல்யாண ஊஞ்சல் பாட்டு குறுக்கே வரும். ‘ஊசல்’ இரு பக்கமும் சமமாகப் போவது, அதனால் கணக்கே தப்பு. உண்மையில் நெருங்கிய சொல் ‘தூங்கல்’. தூங்குதல் என்றால் தொங்குதல், அசைந்தாடுதல். தூங்கணாங்குருவியின் பெயரில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது; வஞ்சிப்பாவின் ஓசையும் தூங்கலோசைதான். ஆனால் பேஸியின் குழு ‘தூங்குகிறது’ என்று எழுதினால் படிப்பவர் கொட்டாவி விடுவார்.

நான் எழுதுவது ‘அசைநடை’. யாப்பில் அசை, உடம்பில் அசைவு, தாளத்தில் நடை என்று மூன்றும் அதில் இருக்கின்றன. யானை ‘ஆடி அசைந்து’ வருகிறது என்போமே, பாரம் இருந்தும் அவசரம் இல்லாத அந்த நடைதான் பேஸியுடையது. இசை வகையின் பெயராக, காலத்தின் பெயராக வரும்போது மட்டும் ஸ்விங்கை அப்படியே விட்டுவிடலாம், அது பெயர்ச்சொல். ஆக, ‘ஸ்விங் யுகத்துக் குழுக்களில் பேஸியினுடையதைப் போல அசைநடை வாய்த்தது வேறில்லை’ என்று எழுதலாம். புதுப்பந்து ஸ்விங் ஆகட்டும்; அதில் நான் கைவைக்க மாட்டேன்.